பொருளியல் வகுப்பில் கணிதமும் இருக்கட்டும்

மாண்புமிகு பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

பொருளாதார நிபுணராக என்ன பட்டம் படிக்கலாம் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்டு வருகிறார்கள். பி.ஏ. பொருளியலா, பி.காமா என்பது அவர்கள் குழப்பம். பாதி முடிவு பிளஸ் ஒன் சேர்க்கையன்றே ஆகிவிட்டது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அரசுப் பள்ளிகள் பலவற்றில் கணிதம் வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியலோடுதான் எடுக்க வேண்டும். பொருளியலோ வணிகவியல், கணக்குப்பதிவியல் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் போன பிள்ளைக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் எட்டாது. அங்கே பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். பொருளியல் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை!

நம் பிளஸ் ஒன் பொருளியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கடைசிப் பாடம் பொருளியலுக்கான கணித முறைகள் பற்றியது. அணிக்கோவை, வகையிடல், தொகையிடல் எல்லாம் அதில் உண்டு. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்ட பிள்ளைக்கு ஒரே பாடத்தில் இவ்வளவையும் நடத்த வேண்டும். "சாய்ஸில் விட்டுடலாமா சார்?" என்பதுதான் வகுப்பில் எழும் முதல் கேள்வி. விலை ஏறினால் விற்பனை எந்த வேகத்தில் குறையும் என்று கணக்கிட வகையிடல் வேண்டும். எம்.ஏ.வில் அதைச் சாய்ஸில் விட முடியாது. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுகலை வேண்டும். அந்தத் தேர்வின் பாடத்திட்டத்திலும் கணித, புள்ளியியல் முறைகள் இருக்கின்றன.

ரகுராம் ராஜன் பொறியியல் படித்துத்தானே பொருளாதார நிபுணர் ஆனார் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஐஐடி டெல்லியில் மின்பொறியியல் படித்தவருக்குக் கணக்கு கைவசம் இருந்தது. பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படித்துவிட்டு எம்.ஏ. பொருளியலுக்கு வருவோரும் உண்டு. கணக்கை விட்டவர்களுக்குத்தான் பாதை குறுகிப்போகிறது.

வணிகக் கணிதம் இருக்கிறதே என்று அதிகாரிகள் தங்களிடம் சொல்லக்கூடும். பாடப்பிரிவுப் பட்டியலில் இருப்பது வேறு, ஊர்ப் பள்ளியில் நடப்பது வேறு.

பொருளியலுக்கும் கணிதத்துக்கும் முதுகலை ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிகளிலாவது இரண்டையும் ஒரே பிரிவில் சேர்த்து நடத்த உத்தரவிடுங்கள். பெரும்பாலும் கால அட்டவணையை மாற்றினாலே போதும். அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன் அந்த ஆணை வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலைப் பொருளியல் ஆசிரியர் ஒருவர்