ஒரு சந்தாலிப் பெண்ணின் பேனா

2022 ஜூலை 25 அன்று சந்தாலிப் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது மனதார மகிழ்ந்தேன். 2008இல் அமெரிக்காவில் ஒபாமா வென்ற இரவில் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஏன் கண்ணீர் விட்டார் என்பது அன்றுதான் முழுதாக விளங்கியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில்தான், துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் கிரேட் நிக்கோபார் பெருந்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. அதற்காக எடுக்கப்படுவது சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு; அந்தத் தீவின் காடுகளில் சில நூறு பேரே எஞ்சியிருக்கும் ஷோம்பென் பழங்குடி மக்கள். சுனாமியில் ஊரிழந்த நிக்கோபாரிகளோ பழைய கரைக்கே திரும்ப விடுங்கள் என்று கேட்கிறார்கள். திட்டத்துக்குத் தான் கொடுத்த தடையில்லாச் சான்றை அவர்களுடைய பழங்குடி மன்றம் அந்த மாதமே திரும்பப் பெற்றது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இருப்பது ஒரே மக்களவைத் தொகுதி, அதுவும் பொதுத் தொகுதி; சட்டமன்றம் கிடையாது. 2024 பிப்ரவரியில் முர்மு அங்கே போய்ப் பழங்குடியினரைச் சந்தித்தார். நல்ல காரியம், போதாது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர்தான். ஆனாலும் இத்தீவுகளுக்கு விதிமுறை இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 240ஆம் பிரிவு அவர் பெயரில்தான் வைத்திருக்கிறது. பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு விதிமுறையும் ஒரு குடியரசுத் தலைவரின் பெயரில் பிறந்ததே. அந்தப் பேனா இப்போது ஒரு சந்தாலிப் பெண்ணின் கையில் இருக்கிறது.