வரி போட்டால் போதுமா?

ஆவணக் காப்பகங்களில் ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு விவரப் பட்டியல் இருக்கும். எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில், யாருடைய கடிதம், எந்த வருஷம் என்று தேடி வருபவருக்குச் சொல்வது அதுதான். பட்டியல் சரியில்லையென்றால், பெட்டி பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்ற அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1993-ல் தொடங்கிய முயற்சிதான் ஈஏடி. முதல் பதிப்பு 1998, அடுத்தவை 2002, 2015. இன்று எக்ஸ்எம்எல்லில் எழுதுகிறார்கள். அதில் அட்டவணைக்கு 'டேபிள்', வரிக்கு 'ரோ', கட்டத்துக்கு 'என்ட்ரி' என்று குறிகள் உண்டு. உடனே கை பரபரக்கும், எக்செல்லில் இருப்பதை அப்படியே வரி வரியாகக் கொட்டிவிடலாமே என்று!

கூடாது என்பது என் கட்சி.

'என்ட்ரி'க்குள் 1947 என்று இருந்தால் அது வருஷமா, கோப்பு எண்ணா? மனுஷன் மேலே தலைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்வான். தேடுகிற கணினிக்கு அது வெறும் கட்டம். அதையே 'யூனிட்டேட்' குறிக்குள் போட்டால் தேதி, 'யூனிட்ஐடி'க்குள் போட்டால் எண். குழப்பமே இல்லை.

இன்னொரு வில்லன் 'மேற்படி'. கை லெட்ஜர் காலத்து சீனியர்களிடம் பாங்க் வேலை கற்றவன் நான், அதன் சௌகரியம் தெரியும். ஆனால் வரிகளை அகரவரிசைப்படுத்திப் பாருங்கள், மேற்படிக்கு மேலே வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்! ஈஏடியில் சேகரிப்புக்குள் தொடர், தொடருக்குள் கோப்பு என்று அடுக்குவதால், மேலே ஒருமுறை சொன்னது கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"கட்டம் போட்டிருந்தால்தானே சார் படிக்க வசதி?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அது ஸ்டைல்ஷீட்டின் வேலை, பதிவின் வேலை இல்லை. முதல் பதிப்பில் பெட்டிப் பட்டியலையே வரிகளாக எழுத 'டிரோ', 'டென்ட்ரி' என்று தனிக் குறிகள் இருந்தன. 2002-ல் அவற்றைக் கைவிட்டார்கள். பழைய எண், புதிய எண் ஒப்பிடுகிற அட்டவணை மாதிரி விஷயங்களுக்கு 'ரோ' தாராளமாக இருக்கட்டும்.

நமக்கென்ன இதில்? ஊரில் டிரங்குப் பெட்டியில் பட்டாவும் பாகப்பிரிவினைப் பத்திரமும் தாத்தா கடிதங்களும் கிடக்கின்றன. நாம் எங்கேயோ உட்கார்ந்து எக்செல்லில் லிஸ்ட் போடுகிறோம். எக்ஸ்எம்எல் வேண்டாம். 'மேற்படி' போடாமல், தேதியையும் பெயரையும் ஒரே கட்டத்தில் அடைக்காமல், எது என்ன என்று எழுதி வைத்தால் போதும். அர்த்தம் கேட்க நாம் இல்லாத நாளில்தான் பிள்ளைகள் அதைத் திறப்பார்கள்.

உங்கள் வீட்டு லிஸ்ட் எப்படி? சொல்லுங்களேன்.