மூன்று இயங்குதளங்களிலும் பச்சை: யூனிட் டெஸ்ட் எழுதுவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்த் தரவைக் கையாளும் திறமூல பைத்தான் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு, அவற்றுக்கு நிரல் எழுதித் தரும் நாங்கள் முன்வைப்பது:

லினக்ஸில் பச்சை, விண்டோஸில் சிவப்பு. இப்படி விழும் டெஸ்ட்டுக்கு இன்று நடக்கும் வைத்தியம், 'விண்டோஸ் என்றால் ஸ்கிப்' என்று ஒரு வரி சேர்ப்பது. அதை நிறுத்துங்கள். காரணம் எழுதாத ஸ்கிப் எதுவும் மெயின் கிளைக்குள் வரக் கூடாது. ஏற்கெனவே உள்ளவற்றுக்குத் தனித்தனி இஷ்யூ திறந்து, பொறுப்பாளர் பெயரும் போட வேண்டும். பல நேரம் பழுது டெஸ்டில் இல்லை, நிரலில்தான்.

கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் லினக்ஸும் மேக்கும் வழக்கமாக யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும்; ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸில் அது சிபி1252 ஆகிவிடும். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8இல் மூன்று பைட். கடைசி பைட் 8டி. சிபி1252 அட்டவணையில் அந்த இடம் காலி. ஆகவே கோப்பில் 'அம்மா' இருந்தாலே டெஸ்ட் விழும். 'ஆமை' மட்டும் இருந்தால் விழாது, கந்தல் எழுத்தாகப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். எங்களைக் கேட்டால் இதுதான் மோசம். பைத்தான் 3.15இல் யூடிஎஃப்-8 இயல்பாகிவிடும் என்பது சமாதானமாகாது. பழைய பதிப்புகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கோப்புப் பெயர்களை ஒப்பிடுமுன் இரண்டு பக்கமும் யூனிகோட் நார்மலைஸ் செய்யுங்கள். 'கோவை' என்று பெயரிட்ட கோப்பை மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது; ஒப்பீடு மட்டும் தோற்கும்.

மற்றவை விவாதத்துக்கே இடமில்லாதவை. வரி முடிவுகளை கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் உறுதிசெய்க. பாதைகளைச் சரமாக ஒட்டாமல் பாத்லிப் வழியே கட்டுக. கோப்பகப் பட்டியலை வரிசைப்படுத்திய பிறகே ஒப்பிடுக. தற்காலிகக் கோப்பை மூடிவிட்டு அழியுங்கள். பைத்தான் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது.

கடைசியாக, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் யூனிட் டெஸ்ட்டுகள் மூன்று இயங்குதளங்களிலும் ஓட வேண்டும். இரவில் ஒருமுறை ஓட்டுவது போதாது. நேரம் பிடிக்கும் என்பது தெரியும், அதனால்தான் மற்ற டெஸ்ட்டுகளுக்கு இதைக் கேட்கவில்லை. ஒன்று சிவப்பானாலும் மெர்ஜ் பட்டன் பூட்டியிருக்கட்டும். பழுது பார்க்க விண்டோஸ் மெஷின் இல்லையென்றால் எங்களை ரெவ்யூவில் சேருங்கள். எங்களில் பலரிடம் இருப்பதே அதுதான்.