அரியலூரை ஏன் விட்டார்கள்?

பூமிக்கடியில் புதையல் கிடக்கிறதாம்! வயற்காட்டு மனிதர்கள் நாலு பேர் குறுக்கே நின்று நாட்டின் முன்னேற்றத்தையே மறிக்கிறார்களாம்! ஷேல் வாயுவுக்காக வக்காலத்து வாங்கும் கனவான்கள் இப்படித்தான் அளக்கிறார்கள். சரி, புதையல் எங்கே இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? அவர்கள் நம்பும் ஏட்டையே புரட்டுவோம்.

2013-ல் அமெரிக்க சர்க்காரின் எரிசக்தித் தகவல் இலாகா கணக்குப் போட்டது. இந்தியாவில் எடுக்கக்கூடிய ஷேல் வாயு 96 லட்சம் கோடி கன அடி என்றது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 57; குஜராத்தின் காம்பே படுகையில் 30; தாமோதர் பள்ளத்தாக்கில் 5; நமது காவிரிப் படுகையில் வெறும் 5!

அந்தக் கணக்காவது நம்பகமானதா? அதே அமெரிக்காவின் புவியியல் ஆய்வு இலாகா பம்பாய், கிருஷ்ணா–கோதாவரி, காவிரி மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 6 லட்சம் கோடிதான் தேறும் என்றது. ஒரே சர்க்கார், இரண்டு இலாகா, பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்! போலந்துக்கு 2011-ல் 187 லட்சம் கோடி என்று ஆசை காட்டினார்கள். மறு ஆண்டே அந்நாட்டுப் புவியியலார் அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கினார்கள். எக்ஸான் 2012-ல் மூட்டை கட்டியது. செவ்ரான் 2015-ல் கிளம்பியது.

மில் தொழிலாளி ஒருவர் கேட்கலாம்: "மில் ஓட மின்சாரம் வேண்டாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியா ஒரு வருஷத்தில் எரிக்கும் வாயுவே இரண்டு லட்சம் கோடி கன அடிக்கு மேல். காவிரிப் படுகையின் ஐந்தையும் ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சினாலும் இரண்டு, இரண்டரை வருஷத்தில் தீர்ந்துபோகும். அதற்கப்புறம்?

எடுக்கும் முறையையும் பாருங்கள். ஷேல் என்பது களிமண் இறுகி உண்டான பாறை. அதில் சிறைப்பட்ட வாயு தானாக மேலே வராது. கிலோமீட்டர் கணக்கில் ஆழமாகத் துளைத்து, பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணறு குடிக்கும் தண்ணீர் சாதாரணமாக ஒரு கோடி லிட்டரைத் தாண்டும். அதில் ஒரு பகுதி உப்பும் விஷமும் ஏறித் திரும்பி வரும். அப்படித் தோண்டிய கிணறும் முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் இளைத்துவிடும். உடனே அடுத்த கிணறு, அதற்கடுத்த கிணறு! மேட்டூர் திறக்குமா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் பூமியில் இந்தத் திருவிழா!

நஷ்ட ஈடு உண்டு என்பார்கள். யாருக்கு? நிலத்துக்குப் பணம் பட்டா வைத்திருப்பவருக்குப் போகும். அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு? அறுவடைக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு? கிணறு வந்த வயலில் நடவு இல்லை. நடவு இல்லாத ஊரில் கூலி இல்லை. கூலிக்காரன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லையே!

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-ல் ஜனங்கள் ஹைட்ரோகார்பன் கிணறுகளை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. (அதற்குள் மத்திய சர்க்கார் 2018-ல் தனியார் கம்பெனிகளுக்கும் ஷேல் கதவைத் திறந்து வைத்துவிட்டது.) சட்டம் நல்லதுதான், ஆனால் ஓட்டை உள்ள சட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களும், புதுக்கோட்டை, கடலூரில் சில வட்டாரங்களும் அதில் உண்டு. முதலில் சொல்லப்பட்ட திருச்சியும் கரூரும் அரியலூரும் காணாமல் போயின!

அமெரிக்க இலாகா காவிரிப் படுகையில் ஷேல் இருப்பதாகக் குறித்த பள்ளங்கள் இரண்டு. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று அரியலூர்–புதுச்சேரி! அரியலூரில் பாறை இருந்தும் வேலி இல்லை. இது தற்செயலா? அரியலூரில் 10 சோதனைக் கிணறுகளுக்கு 2021-ல் ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டது, மாநில சர்க்கார் மறுத்தது. மறுத்தது சரி. ஆனால் இன்றைய மந்திரி மறுத்ததை நாளைய மந்திரி கொடுக்கலாம். சட்டத்தில் இருந்தால் அப்படிக் கொடுக்க முடியாது. 2023-ல் மயிலாடுதுறையின் பெயரைச் சேர்க்க இதே சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பெயரைச் சேர்த்த கைக்கு இன்னும் மூன்று பெயர்களை எழுத என்ன தடை? சட்டசபைக்குள் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.