மார்லாக் பக்கத்துக் கதையை யார் எழுதுவது?

விஞ்ஞானக் கதை என்றாலே சின்னப் பசங்க சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள் நம் இலக்கிய மேதாவிகள். ரசிகர்களோ 'என்ன கற்பனை, என்ன தீர்க்கதரிசனம்!' என்று வாய் பிளக்கிறார்கள். ரெண்டு பேருமே கதையைப் படிக்கவில்லை என்கிறேன். இந்தப் பழைய கதைகள் இன்னும் சாகாமல் இருக்கக் காரணம் எந்திரம் இல்லை. எந்திரத்துக்குக் கீழே கிடக்கிறவன் யார் என்ற கேள்விதான்.

எச்.ஜி.வெல்ஸின் 'கால எந்திரம்' (1895). ஒருவன் 8,02,701ஆம் வருசத்துக்குப் போகிறான். மேலே வெயிலில் பழம் தின்று, பூ வைத்து விளையாடும் ஈலாய்கள். பூமிக்கு அடியில், இருட்டில், எந்திரங்களோடு மார்லாக்குகள். ஈலாய்களுக்குத் துணிமணி தருவது மார்லாக்குகள். ராத்திரியில் ஏறிவந்து அவர்களைத் தின்பதும் மார்லாக்குகள். முதலாளியையும் தொழிலாளியையும் பிரித்து வைத்ததன் முடிவு இது என்று போனவனே யூகிக்கிறான். ஆனாலும் அவன் மனசு ஈலாய்ப் பெண்ணிடம்தான் உருகுது. மார்லாக்கைக் கண்டால் அருவருப்பு, இரும்புத் தடியால் அடி. முதல் தடவை படிச்சப்போ நானும் கூடவே அடிச்சேன். ரெண்டாம் தடவைதான் உறைத்தது: தலைமுறை தலைமுறையாய் இருட்டில் தள்ளப்பட்டவனையா நான் அடித்தேன்?

அடுத்து ரோபோ. 1920இல் காரல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்த சொல். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் நிலப்பிரபுவுக்குச் செய்த கட்டாய உழைப்பு. நம்ம பாஷையில் வெட்டி. சாப்பெக்கின் ரோபோக்கள் கலகம் செய்தன. அந்த மாதிரிக் கலகக் கதைகள் அலுத்துவிட்டது என்றார் ஐசக் அசிமோவ். 1942இல் மூன்று விதிகள் போட்டார்: மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், அதுக்கப்புறம் உன்னைக் காப்பாத்திக்கோ. கெட்டிக்காரத்தனமான கதைகள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இது எசமான் எழுதின சட்டம் இல்லாமல் வேறென்ன?

'கதையைக் கதையாப் பாருங்க' என்பார்கள். சரி, பார்ப்போம். அதே 1920இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 'வால்நட்சத்திரம்' என்ற கதையை எழுதினார். வங்கி ஏவலாள் ஜிம், கறுப்பன். நிலவறைக்கு அனுப்பப்படுகிறான். அதனாலேயே பிழைக்கிறான். மேலே வந்தால் நியூயார்க்கே பிணக்காடு. மிஞ்சியவள் ஒரு பணக்கார வெள்ளைக்காரி. உலகம் அழிந்த பிறகுதான் அவள் கண்ணுக்கு அவன் மனுசனாகத் தெரிகிறான். கடைசியில் அவள் அப்பன் வந்து சேர்கிறான். செத்தது நியூயார்க் மட்டும்தானாம். அந்த நிமிசமே பழைய வசவும் கொலை மிரட்டலும் திரும்பிவிடுகின்றன.

கதைக்கு வெளியேயும் இதே கதைதான். கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டெலனியின் 'நோவா' 1968இல் வெளியானது. அதைத் தொடராகப் போட ஜான் கேம்பெல் என்ற பெரிய பத்திரிகை ஆசிரியர் மறுத்தார். கறுப்புக் கதாநாயகனை வாசகன் ஏற்கமாட்டானாம். டெலனியே இதைப் பதிவு செய்திருக்கிறார். வேற்றுக்கிரகவாசியை ஏத்துக்குவாங்க, பக்கத்துத் தெருக்காரனை ஏத்துக்க மாட்டாங்க!

பழைய கதைகளைக் கொளுத்தச் சொல்லவில்லை நான். திரும்பப் படியுங்கள், இந்தத் தடவை நிலவறையில் உட்கார்ந்து. மார்லாக் பக்கத்துக் கதை இன்னும் பாக்கி இருக்கு.