மூடியும் மூடாத குழி



தொழிலாளர் தின விடுமுறை கழிந்துவிட்டது. நியூ ஜெர்சியிலும் மிச்சிகனிலும் டொரொண்டோவின் புறநகர்களிலும் வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் வைத்திருக்கும் நம்மவர்கள், அதைக் குளிர்காலத்திற்காக மூடத் தொடங்கியிருக்கிறார்கள். குழாய்களைக் காப்பதில் அவர்களுக்குள்ள சிரத்தை வியப்புக்குரியது. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். ஆகவே நீர்மட்டத்தை இறக்குகிறார்கள். காற்றை ஊதிக் குழாய்களை உலர்த்தி, வாய்களை அடைக்கிறார்கள். பம்பையும் வடிகட்டியையும் சொட்டு நீரின்றி வடிக்கிறார்கள். கடைசியில் மேலே ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் நீர் நிரப்பிய பைகளை வைத்து, "குளத்தை மூடியாயிற்று" என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அது மூடுதல் அன்று, மறைத்தல்.

அந்தத் தார்ப்பாய் இலைச்சருகைத் தடுக்கும். ஒரு குழந்தையின் எடையைத் தாங்காது. கால் வைத்தவுடன் அது உள்வாங்கும், பைகள் சரியும், விழுந்த உடலை அதுவே சுற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதன்மேல் தேங்கும் மழைநீரே ஒரு சிறுபிள்ளை மூழ்கப் போதும். பனி விழுந்தபின் முற்றமும் குளமும் ஒரே வெண்தரையாகிவிடும். கோடையிலாவது யாராவது கண்வைத்திருப்பார்கள். நவம்பரில் பின்புறச் சன்னலைத் திறப்பவர் யார்? அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்திற்கு முதற்காரணம் நீரில் மூழ்குதலே என்பதை மறவாதிருங்கள்.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடுகொடுக்கவேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். மாடு ஏன் அங்கே வந்தது என்று அது கேட்கவில்லை. குழிக்குச் சொந்தக்காரன் யார் என்றே கேட்கிறது.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே திறந்துகிடந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, கடல்கடந்தும் நாம் நான்கு நாள் உறங்காமல் ஜெபித்தோம். கிணற்றை மூடாதவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினோம். ஏசிய அதே வாய்தான் இன்று, "எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எங்களுக்கு என்ன?" என்கிறது. அண்டை வீட்டுக்காரரின் பிள்ளை உங்கள் பிள்ளைகளின் வயதைக் கேட்டுக்கொண்டா வேலி தாண்டும்?

வேறு சிலர், "தேவன் காப்பார்" என்கிறார்கள். பம்பை மட்டும் ஏன் அவரிடம் ஒப்புவிக்கவில்லை? உறைநீர் எதிர்ப்புத் திரவம் வாங்கக் கடைக்கு ஓடியவர்களுக்கு இந்த விசுவாசம் மூடியின் விலையைக் கேட்டபின்தான் பிறக்கிறது. இதை நான் பக்தி என்று அழைக்கமாட்டேன்.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு மூடி என்பது வேறு பொருள். குளத்தைச் சுற்றிய கான்கிரீட்டில் துளையிட்டுப் பித்தளை ஆணிகளைப் பதித்து, பட்டைகளாலும் சுருள்வில்களாலும் இழுத்துக் கட்டப்படுவது அது. ஏ.எஸ்.டி.எம். எஃப்1346 என்னும் தரநிலைப்படி, இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையுமாக ஏறத்தாழ 220 கிலோவை அது தாங்கவேண்டும். வாங்குமுன் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாதிருங்கள்.

ஏற்கெனவே தார்ப்பாய் விரித்துவிட்டவர்கள் இவ்வாரமே அதை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை, மேலே தேங்கும் நீரை ஒவ்வொரு மழைக்குப்பின்னும் சிறு பம்பு வைத்து இறைத்துவிடுங்கள். வேலிக் கதவு தானாக மூடித் தாழ்விழுகிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டும் போடுங்கள். அதன்மேல் ஏற உதவும் நாற்காலிகளைக் கொட்டகைக்குள் எடுத்து வையுங்கள்.