பழைய பவர் டில்லருக்கு ஒரு வக்காலத்து

பழைய இன்ஜினை எப்படிக் காப்பாற்றுவது என்று திருச்சிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறுகிற நீராவி இன்ஜின்களுக்கு உடம்பு சரியில்லை என்றால், அவை வைத்தியத்துக்கு வருவது நம்ம பொன்மலை ரயில்வே பணிமனைக்குத்தான். சுவிட்சர்லாந்துக்காரர்களின் பழைய டிசைன் அது. ஸ்பேர் கிடைக்கவில்லை என்று அவற்றைக் காயலான் கடைக்குப் போடவில்லை. ஸ்பேரை இங்கேயே செய்தார்கள். அப்புறம் முழு இன்ஜினையே செய்தார்கள். 2021ல் நிலக்கரியில் ஓடும் புத்தம்புது நீராவி இன்ஜின் ஒன்று பொன்மலையிலிருந்து வெளியே வந்தது.

அதே திருச்சியில், திருவானைக்காவலைத் தாண்டி கல்லணை ரோட்டில் போய்ப் பாருங்கள். திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வழியெல்லாம் வாழை. நடுநடுவே தென்னை மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பவர் டில்லர்கள் நிற்கும். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். ஏன் நிற்கிறது என்று கேட்டால், 'ஸ்பேர் இல்லை', 'மெக்கானிக் வருவதில்லை', 'புதுசு வாங்கிட்டோம்' என்று இந்த மூன்றில் ஒரு பதில் வரும்.

மலை ரயிலுக்குக் கிடைக்கிற மரியாதை இந்த டில்லருக்கு ஏன் இல்லை? இதுதான் என் கேள்வி.

டவுனிலேயே வளர்ந்த நம் வகுப்பு மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பவர் டில்லர் என்பது இரண்டு சக்கர டிராக்டர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். முன்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பெரும்பாலும் 12, 13 குதிரைத்திறன். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டரி. பெங்களூரில் 1967ல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தது. கேரளாவில் 1973ல் தொடங்கிய அரசு நிறுவனமான காம்கோ, குபோட்டாவின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டது. பெரிய டிராக்டர் நுழைய முடியாத வாழை வரிசைகளுக்கு நடுவிலும், திரும்ப இடமில்லாத சின்ன வயல்களிலும் இதுதான் ராஜா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இதே அளவு வேலைக்குத் தோட்ட டிராக்டர் என்று ஒன்று உண்டு. ஜான் டியர் கம்பெனி 1963ல் கொண்டுவந்த 110 என்ற மாடலை இன்றைக்கும் தேடி வாங்கி, பிரித்து மேய்ந்து, அதே பச்சைப் பெயிண்ட் அடித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்கு அப்படி இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தபின் சேடை ஓட்டி நாற்று நட வேண்டிய நாட்கள் எண்ணி வைத்தது போலத்தான் இருக்கும். அந்த வாரம் வண்டி நின்றால் வாடகை டிராக்டருக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஊரே அந்த வரிசையில் நிற்கும்.

இப்போது வண்டி எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். விஷயமே இதில்தான் இருக்கிறது.

சேற்றில் ஓடும் வண்டியில் முதலில் போவது ஆயில் சீல். ரப்பர் வளையம்தான், விலையும் அற்பம். அது தேய்ந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்தவுடன் சீலையும் ஆயிலையும் மாற்றிவிட்டால் கதை முடிந்தது. 'அறுப்பு முடியட்டும்' என்று ஓட்டினால் பேரிங் போகும். பேரிங் ஆடினால் கியர் பல் தேயும். அதற்கப்புறம் மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டால் நமக்கு டீ இறங்காது.

இன்ஜின் பக்கமும் இதே கதைதான். பழைய வண்டிகளில் ஏர் கிளீனர் என்பது அடியில் எண்ணெய் ஊற்றிய ஒரு கிண்ணம். உறிஞ்சும் காற்றில் இருக்கும் தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சேறாகிப் போனபின்னும் மாற்றாவிட்டால் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உரசித் தின்றுவிடும். கம்ப்ரஷன் குறையும். ஹேண்டில் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். (ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் தப்பும்.) டீசல் தீர்ந்து காற்று புகுந்தால் பைப்பில் காற்றை எடுக்கத் தெரிய வேண்டும். பெல்ட் தொய்ந்தால் இழுத்துக் கட்டத் தெரிய வேண்டும். இறக்கத்தில் ஸ்டீயரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் பழகியவர் இதை அறியாமல் சரிவில் இறக்கினால் வாய்க்காலில்தான் போய் நிற்பார்.

இதில் எதற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். ஸ்பானர் செட், கொஞ்சம் கிரீஸ், விஷயம் தெரிந்த ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை.

எங்கள் பெரியப்பாவின் டில்லருக்கு ரோட்டரி பக்கத்து ஷாஃப்ட் ஒன்று தேய்ந்துவிட்டது. கம்பெனி ஸ்பேர் விற்கும் கடையில் கேட்டதற்கு, 'அந்த மாடல் போயிடுச்சு சார், இதைக் கொடுத்துட்டு மானியத்துல புதுசு எடுத்துக்குங்க' என்றார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏண்டா, இன்ஜினியரிங் படிக்கிறியே, இதைக் கடைஞ்சு தர முடியாதா?" என்றார். என்னால் முடியாது :) ஆனால் அரியமங்கலத்து லேத் பட்டறைக்காரர் ஒருவரால் முடிந்தது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, கடைந்து, பேரிங் உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது.

மானியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15ல் தொடங்கியது. அதன் கீழ் புது இயந்திரம் வாங்க 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் கிடைத்தது. சின்ன விவசாயிக்கு இது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுசின் விலையில் பாதியை அரசு கொடுக்கும். பழசின் ரிப்பேர் செலவு முழுவதும் விவசாயி தலையில். எவ்வளவு விவரமான விவசாயியாக இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பார்? நல்ல வண்டி தென்னை மரத்தடிக்குப் போகிறது. ரிப்பேருக்கு ஆள் வராததால் மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். பத்து வருஷம் கழித்து அந்தப் புது வண்டி நிற்கும்போது அதைப் பார்க்கவும் ஆள் இருக்க மாட்டார்.

வேளாண் பொறியியல் துறை பராமரிப்பு முகாம்கள் நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு நாள் முகாமில் கிரீஸ் எங்கே வைப்பது என்று சொல்லித் தரலாம். மெக்கானிக்கை உருவாக்க முடியாது.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். பழைய வண்டி புகை விடும், டீசல் குடிக்கும், கைப்பிடி அதிர்ந்து கை மரத்துப்போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் புகையில் பாதி, நாசிலைச் சுத்தம் செய்யாததால் வருவது. கிராங்க் கேஸே விரிசல் விட்ட வண்டியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. அதை எடைக்குப் போடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் வேலைக்காகப் பெரிய வண்டியையே தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் புது டிராக்டர்களின் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் கையில் இருக்கிறது, எங்கள் வண்டியை நாங்களே ரிப்பேர் செய்ய முடியவில்லை என்று விவசாயிகள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். கொலராடோ மாநிலம் 2023ல் அதற்காகவே சட்டம் போட்டது. நம் மத்திய அரசும் 2022ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது முதலில் கையில் எடுத்த துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. ஆக, யோசனை டெல்லிக்குப் புதிதில்லை. திருவளர்சோலைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று:

ஒன்று, மானியத்தில் விற்கும் கம்பெனி அந்த மாடலுக்குப் பத்து வருஷமாவது ஸ்பேர் கொடுக்க வேண்டும், ரிப்பேர் புத்தகத்தைத் தமிழில் தர வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

இரண்டு, மானியத்தில் ஒரு சின்னப் பங்கை ஓவர்ஹாலுக்கும் கொடுக்கலாம். ரிங் செட், லைனர், நாசில், சீல் எல்லாம் சேர்த்தாலும் புது வண்டி விலையில் சிறு பகுதிதான்.

மூன்று, நம் பக்கம். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டிராக்டர் என்றே ஒரு பிரிவு உண்டு. குமுளூரில் 1992லிருந்து வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பாய்லர் பாகங்களையே கடைந்து பழகிய ஊருக்கு ஒரு டில்லர் ஷாஃப்ட் பெரிய விஷயமா? இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே யாரும் ஒரு கோடு போடவில்லை.

வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குக் காசு கொடுத்து ரெடிமேட் மாடல் வாங்கும் நல்லவர்களே, அதே காசுக்கு ஒரு பழைய டில்லரை ஓட வைக்கலாம். தேயும் பாகங்களை அளந்து வரைபடம் போட்டு லேத்காரர்களிடம் கொடுத்தால், அடுத்த போகத்துக்கே நாலு பேர் வயலில் வண்டி இறங்கும். கல்லணை ரோட்டில் வண்டிகள் தயாராக நிற்கின்றன. யார் யார் வருகிறீர்கள், சொல்லுங்கள்.